கேட்வேயிலிருந்து காராபுரிக்கு: மும்பைத் துறைமுகத்தின் லாஞ்சு

மும்பையின் அப்பல்லோ பந்தரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், துறைமுக நீரின் நடுவே எலிபண்டா தீவு இருக்கிறது. மராத்தியில் அதன் பெயர் காராபுரி. தீவுக்குப் பாலம் கிடையாது; போக வேண்டுமானால் படகுதான். அப்பல்லோ பந்தரில் நிற்கும் கேட்வே ஆஃப் இந்தியாவின் படிகளிலிருந்து புறப்படும் அந்தப் படகை மும்பையில் எல்லோரும் லாஞ்சு என்றே சொல்கிறார்கள். இரண்டு தட்டு, மர உடல், ஒரே ஒரு டீசல் எஞ்சின், பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பார்க்க எளிமையாகத் தோன்றும் இந்த வாகனம், ஓதம் பெரிதாக ஏறி இறங்கும் சேற்றுக் கடலில் குறைந்த செலவில் நிறையப் பேரை ஏற்றிச் செல்வதற்கென்றே பல தலைமுறைகளாகச் செப்பனிடப்பட்டு வந்த ஒன்று.

படகு இல்லாமல் மும்பையே இல்லை. இன்றைய தீவு நகரம் கொலாபா, சிறு கொலாபா, பம்பாய், மசகாவ், பரேல், வொர்லி, மாஹிம் என ஏழு தீவுகளாகக் கிடந்தது. அலைநீரைத் தடுத்து, இடைப்பட்ட சதுப்புகளைத் தூர்த்து அவற்றை ஒன்றாக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சயானிலிருந்து குர்லாப் பக்கம் போகும் கரைச்சாலை 1805இல் முடிந்தது. கவர்னர் ஜொனாதன் டங்கன் காலத்து வேலை அது. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் இடையே 1845 வரை படகுதான். அந்த ஆண்டு திறக்கப்பட்ட மாஹிம் கரைச்சாலைக்குப் பணம் கொடுத்தவர், வணிகர் ஜம்சேத்ஜி ஜீஜீபாயின் மனைவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் குடியேறிய தாராவி, இந்த இரண்டு கரைச்சாலைகளுக்கும் நடுவே மாஹிம் கழிமுகத்தை ஒட்டியிருந்த சதுப்பில்தான் வளர்ந்தது. சாலை வந்த இடத்திலெல்லாம் படகு ஓய்ந்தது. சாலை எட்டாத இடங்களில் மட்டும் அது தங்கிவிட்டது.

அப்படித் தங்கிய படகுத்துறைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று மசகாவில் உள்ள பாவ்ச்சா தக்கா. உரண் பக்கத்து மோரா, அலிபாக் பக்கத்து ரேவஸ் ஆகிய ஊர்களுக்கான படகுகள் இங்கிருந்து போகின்றன. கூடையும் மூட்டையுமாக வேலைக்கும் வியாபாரத்துக்கும் போகிறவர்களின் துறை இது. மற்றொன்று கேட்வே. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்திறங்கியதன் நினைவாக ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த இந்த வளைவு, 1924 டிசம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. அதைச் சுற்றி ஐந்து படகுத்துறைகள் உள்ளன. முதலாவது பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு மட்டும் உரியது. நகரின் தென்பகுதியிலிருந்து டிராம்பேக்கு வேலைக்குப் போகும் ஊழியர்களின் படகுகள் அங்கே நிற்கும். செம்பூரிலும் அணுசக்தி நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மையம் நெருங்கிய இடம். பயணிகள் லாஞ்சுகளுக்கு இரண்டாம், மூன்றாம் துறைகள்.

லாஞ்சின் உடல் மரத்தால் ஆனது. அடியில் முதுகெலும்பு போல ஓடும் நீண்ட கட்டை ஏரா. அதன் இரு பக்கமும் வங்கு என்னும் வளைந்த விலாக்கட்டைகள் எழும். அவற்றின்மேல் பலகைகள் அறையப்படும். மேற்குக் கரையில் தேக்கும் ஆயினியும் படகுக்கு ஏற்ற மரங்கள். இரண்டுமே உப்புநீரில் எளிதில் உளுத்துப்போகாதவை. பலகை இடுக்குகளில் எண்ணெயும் குங்கிலியமும் தோய்த்த பஞ்சை உளியாலும் கொட்டாப்புளியாலும் திணித்து அடைப்பார்கள். நீரில் இறங்கியதும் மரம் ஊறி விரியும்; பஞ்சு இறுகி இடுக்கு முற்றிலும் மூடிக்கொள்ளும். மரப்படகு நெடுநாள் கரையில் காய்ந்து கிடந்தால் கசியத் தொடங்குவதற்கும் இதே மர இயல்புதான் காரணம். ஆண்டுக்கு ஒருமுறையாவது கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பிகளையும் பாசியையும் சுரண்டிச் சாயம் பூச வேண்டும். சுரண்டாமல் விட்டால் உராய்வு கூடும், டீசல் கரையும்.

அடித்தட்டில் வரிசையாகப் பெஞ்சுகள். வெயிலுக்கும் சாரலுக்கும் மேலே கூரை. அந்தக் கூரையே மேல்தட்டு. அங்கே உட்கார ஊழியர் தனியாகச் சிறு கட்டணம் வாங்குவார். படகின் இரு பக்கமும் பழைய டயர்கள் தொங்கும். துறையில் இடம் குறைவு என்பதால் லாஞ்சுகள் ஒன்றையொட்டி ஒன்றாக நிற்கும்; கடைசிப் படகில் இடம் பிடித்தவர் முன்னுள்ள இரண்டு மூன்று படகுகளைத் தாண்டித்தான் அதில் கால் வைக்க முடியும். இரண்டு மர உடல்கள் அலையில் மோதிக்கொள்ளும்போது அந்த அடியை வாங்குவது டயர். படகு மாறும் நேரத்தில் கையையோ காலையோ இரண்டு படகுக்கும் நடுவே விட்டுவிடக் கூடாது. துறையில் காயத்தைத் தவிர்க்க இந்தக் கவனம் முக்கியம்.

பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்பது சைக்கிளைவிடக் குறைந்த வேகம். எஞ்சின் பழையது என்பதால் அப்படி ஆகிவிடுவதில்லை. நீரின் இயல்பு அது. நீரை விலக்கிக்கொண்டு போகும் படகு, முன்பக்கம் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது, முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுப் பள்ளத்தில் படகு. அதற்குமேல் வேகமெடுக்க வேண்டுமானால், தான் எழுப்பிய அலை மீதே படகு ஏறியாக வேண்டும். நீர்மட்டத்தில் 15 மீட்டர் நீளமுள்ள படகுக்கு இந்த எல்லை மணிக்கு 17 கிலோமீட்டர் அளவில் வரும். எல்லையை நெருங்க நெருங்க எரிபொருள் செலவு தாறுமாறாக ஏறும். அதனால் அதில் பாதியையோ கொஞ்சம் கூடுதலையோ வைத்து ஓட்டுவதே கட்டுப்படியாகும். ஸ்பீட்போட்டின் கதை வேறு. அதன் அடிப்பகுதி தட்டையாகவும் எடை குறைவாகவும் இருப்பதால், வேகத்தில் உடல் மேலே எழும்பி நீரின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். இதே தொலைவைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். ஆனால் நாலைந்து பேருக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். எண்பது பேரைக் குறைந்த கட்டணத்தில் கொண்டுபோக மெதுவான மர உடல் பொருத்தமானது.

லாஞ்சின் தலைவர் சாரங். எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் டிரைவர். கயிறு வீசவும், பயணிகளைக் கைபிடித்து ஏற்றவும், நங்கூரம் இறக்கவும் கலாசிகள். சாரங்குக்கும் டிரைவருக்கும் தனித்தனியே தேர்ச்சிச் சான்று வேண்டும் என்பது உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்தபோதும் இந்த விதி மாறவில்லை. சக்கரம் மேலே, எஞ்சின் கீழே என்று அமைந்த பழைய படகுகளில் சாரங் கயிறு இழுத்து மணியடித்துக் கீழே சேதி சொல்வார். முன்னே, பின்னே, நிறுத்து என்பதற்கெல்லாம் மணிக்கணக்கு உண்டு. கேரளக் காயல் படகுகளில் இந்த மணியோசை இன்றைக்கும் பயணிகளுக்குப் பழக்கம். எஞ்சினின் சுழற்சியைப் பல்சக்கரப் பெட்டி குறைத்துக் கொடுக்க, பின்னால் நீருக்கடியில் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றும். லாரி எஞ்சினுக்கு ரேடியேட்டர் உண்டு; படகுக்குக் கடலே ரேடியேட்டர். உறிஞ்சிய கடல்நீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் குழாய் வழியாகச் சீராகக் கொட்டும். அந்த நீர் கொட்டுவது நின்றால் டிரைவர் உடனே எஞ்சினை நிறுத்தியாக வேண்டும். மும்பைத் துறைமுகத்தில் நீரிழுக்கும் வாயை அடைப்பதும் விசிறியில் சுற்றிக்கொள்வதும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பைகள். நகரம் எறியும் குப்பை நகரத்தின் படகையே நிறுத்துகிறது.

சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவே. அதைப் பழகியவர்களுக்கு மும்பை வியப்பளிக்கும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல்மட்டம் நாலரை மீட்டர் வரை ஏறி இறங்கும். உயர் ஓதத்தின்போது கேட்வே படிகளில் இரண்டு மூன்று மட்டுமே வெளியே தெரியும். தாழ் ஓதத்தின்போது அதே இடத்தில் பாசி படிந்த நீண்ட படிக்கட்டு ஈரத்தோடு கிடக்கும். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் உயர் ஓத நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். லாஞ்சு கிழக்கே போகிறது. ஓத நீரோ ஏறும்போது வடக்கேயுள்ள தாணே கழிமுகத்துக்குள்ளும், இறங்கும்போது தெற்கே கடலை நோக்கியும் ஓடுகிறது. தீவை நேரே குறிவைத்தால் படகு பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். நீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்துத்தான் சாரங் ஓட்டுவார். நங்கூரமிட்ட கப்பல்களின் மூக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்த்தாலே நீரோட்டம் அவருக்குத் தெரிந்துவிடும்.

வழியில் காணக் கிடைப்பவை ஏராளம். புறப்பட்டதும் இடப்பக்கம் கடற்படைத் தளத்தின் சாம்பல்நிறக் கப்பல்கள். அதன்பின் நீர்நடுவே மிடில் கிரவுண்ட் என்னும் சிறு கோட்டை. அதற்கப்பால் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் அணைந்து நிற்கும் புச்சர் தீவு. அரசுப் பெயர் ஜவாஹர் த்வீப். கப்பலிலிருந்து இறங்கும் கச்சா எண்ணெய், கடலடிக் குழாய் வழியாக மாஹுல் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது. செம்பூர்வாசிகள் தினமும் காணும் புகைபோக்கிகளுக்கு எண்ணெய் வரும் வழி இது. 2017 அக்டோபரில் இத்தீவின் டீசல் தொட்டி ஒன்று மின்னல் தாக்கித் தீப்பிடித்துச் சில நாட்கள் எரிந்தது. எதிர்க்கரையில் 1989இல் செயல்படத் தொடங்கிய நவசேவா கொள்கலன் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் நிற்கும். வடக்கே, சேவ்ரியிலிருந்து நவசேவா பக்கம் செல்லும் அடல் சேது. 2024 ஜனவரி 12 அன்று திறந்த அப்பாலத்தின் மொத்த நீளம் 21.8 கிலோமீட்டர், அதில் 16.5 கிலோமீட்டர் கடலுக்கு மேல்.

பெருங்கப்பல் வரும் ஆழ்வாய்க்காலை லாஞ்சு குறுக்கே கடந்தாக வேண்டும். வாய்க்காலின் ஓரங்களைச் சிவப்பு, பச்சை மிதவைகள் காட்டும். துறைமுகத்துக்குள் நுழையும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. குறுகிய வாய்க்காலில் மட்டுமே ஓடக்கூடிய பெரிய கப்பலுக்குச் சிறிய கலம் வழிவிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கடல் விதி. சரக்குக் கப்பல் நினைத்த மாத்திரத்தில் நிற்காது. வேகத்தைக் குறைத்தபின்பும் வெகுதூரம் ஓடித்தான் அடங்கும்.

படகில் உண்மையான அபாயம் எடையில் இருக்கிறது. எண்பது பேர் ஏறினால், ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் ஐந்து டன்னை நெருங்கும். அந்த எடை கீழ்த்தட்டில் இருக்கும்வரை படகின் ஈர்ப்பு மையம் தாழ்ந்தே இருக்கும். ஒருபக்கம் சாய்ந்தாலும் நீரின் மிதப்பு விசை அதை நிமிர்த்திவிடும். ஆட்கள் மேல்தட்டுக்கு ஏறினால் ஈர்ப்பு மையமும் ஏறும், நிமிர்த்தும் விசை குறையும். அதோடு எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் நிலைமை கைமீறலாம். குளிர்காலத்தில் இங்கே வலசை வரும் கடற்காகங்கள் லாஞ்சைப் பின்தொடரும். சிப்ஸும் காட்டியாவும் வீசி அவற்றை அழைத்துப் படம் பிடிப்பது பயணிகளிடையே வழக்கமாகிவிட்டது. ஒரு கூட்டம் அதற்காக ஒரே கைப்பிடிக்கு ஓடும்போது தட்டு சாய்வதைக் கால்கள் உணரும். எண்ணெய்ப் பலகாரம் பறவைக்கும் நல்லதல்ல. இந்தப் பழக்கத்தை விடுவதால் யாருக்கும் எந்த இழப்பும் இல்லை.

இந்த நீரில் நடந்த மிகப் பெரிய பயணிக் கப்பல் விபத்து 1947 ஜூலை 17 அன்று நேர்ந்தது. பாவ்ச்சா தக்காவிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட ராம்தாஸ் என்ற நீராவிக் கப்பல் பருவமழைக் கடலில் கவிழ்ந்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுதந்திரத்துக்கு நான்கே வாரம் இருந்த அந்த வேளையில், இவ்வளவு பெரிய சாவு நாட்டின் நினைவில் பதியாமலே போயிற்று. கொங்கண் கிராமங்கள் மட்டும் அதை மறக்கவில்லை. அண்மைக் காலத்தில், 2024 டிசம்பர் 18 பிற்பகல் எலிபண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் என்ற லாஞ்சின் மீது, எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படை விரைவுப் படகு கட்டுப்பாடு இழந்து மோதியது. 15 உயிர்கள் போயின. 84 பயணிகளும் 6 ஊழியர்களும் செல்ல அனுமதி பெற்ற லாஞ்சில் அன்று நூறு பேருக்கு மேல் இருந்தனர். அருகிலிருந்த துறைமுகப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும் ஓடி வந்து பலரைக் காப்பாற்றின. அதன்பிறகு உயிர்காப்பு உடுப்பைப் பயணிகள் அணிந்தே தீர வேண்டும் என்பது கண்டிப்பாக்கப்பட்டது. நீரில் மனித உடலின் நிகர எடை சில கிலோதான். அதனால் உடுப்பில் உள்ள சிறு நுரைப்பட்டையே தலையை வெளியே தூக்கி நிறுத்தப் போதும். ஆனால் வாரைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டால் நீரில் விழுந்ததும் உடுப்பு மட்டும் மேலே வரும். வாரை இறுக்கிக் கட்டுவது அணிவதில் பாதி.

ஜூன் பிறந்ததும் தென்மேற்குக் காற்று எழும். துறைமுகத்தின் வாய் தென்மேற்கு நோக்கித் திறந்திருப்பதால் பேரலைகள் நேராக உள்ளே வரும். வாய்க்கு அருகிலுள்ள மாண்ட்வாவுக்குக் கேட்வேயிலிருந்து போகும் படகுகள் ஆகஸ்ட் முடியும்வரை நிறுத்தப்படும். எலிபண்டா இன்னும் உள்ளே தள்ளியிருக்கிறது. அங்கே போவது அன்றன்றைய கடலையும் எச்சரிக்கையையும் பொறுத்தது. மாண்ட்வாவுக்கு 2020இல் வந்த வேறொரு கலமும் உண்டு. பாவ்ச்சா தக்காவை ஒட்டிப் புறப்பட்டு, காரையும் பஸ்ஸையும் ஆளோடு சேர்த்து ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பல் அது. சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டியிருந்த பயணத்தை ஏறக்குறைய ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டது.

தீவின் கரை முழுக்கச் சேறும் அலையாத்தியும். தாழ் ஓதத்திலும் படகு தரைதட்டாமல் நிற்பதற்காக ஆழமான நீர்வரை நீண்ட மேடை கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் சிறிய பொம்மை ரயில் ஓடும். அங்கிருந்து கடைகளுக்கு நடுவே 120 படிகள் ஏறினால் குகைகள். கி.பி. 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை என்பது அறிஞர் பலரின் கணிப்பு. மலையை உள்ளே குடைந்து எடுத்த முதல் குகையின் தென்சுவரில், ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்துக்கு மூன்று முகங்களோடு நிற்கிறது சதாசிவ வடிவம். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் மட்டுமே விழுவதால் முகங்கள் மெல்ல மெல்லத்தான் கண்ணுக்குப் புலப்படும். இருளுக்குக் கண் பழகும்வரை அங்கே நிற்பது நல்லது. தீவில் பௌத்தத் தூபியும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர் கரையில் கண்ட கல் யானையே தீவுக்கு எலிபண்டா என்ற பெயரைத் தந்தது. உடைந்துபோன அந்த யானை இன்று பைகுல்லாவின் ஜிஜாமாதா தோட்டத்தில் இருக்கிறது. 1987இல் குகைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

தீவில் மூன்று சிற்றூர்களும் உள்ளன. நகரத்தின் விளக்குகள் எதிரே தெரிய, அந்த மக்கள் சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சத்தில் காலம் தள்ளினார்கள். 7.5 கிலோமீட்டர் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் அங்கே சேர்ந்தது 2018 பிப்ரவரியில்தான். மேல்படிப்புக்கும் பெரிய மருத்துவத்துக்கும் அவர்களுக்கு இன்னும் படகே கதி. சுற்றுலாப் பயணிக்கு ஒரு நாள் பொழுதுபோக்காக இருக்கும் பயணம் அவர்களுக்கு அன்றாடப் பாதை. ஆகவே துறையைப் பற்றிய எந்தத் திட்டத்திலும் அவர்களின் தேவை முதலில் வர வேண்டும்.

நீர்ப் போக்குவரத்தில் நாட்டின் வேறு சில ஊர்கள் முன்னே போய்விட்டன. வைக்கத்தில் 2017 முதல் சூரிய ஒளியில் ஓடும் ஆதித்யா என்ற படகு பயணிகளை ஏற்றுகிறது. கொச்சி 2023 ஏப்ரலில் மின்கலப் படகுகளோடு வாட்டர் மெட்ரோவைத் தொடங்கியது. அங்கே மிதக்கும் மேடைகள் நீரோடு ஏறி இறங்குவதால் சக்கர நாற்காலியும் தடங்கலின்றிப் படகுக்குள் போகிறது. ஓதம் இவ்வளவு ஏறி இறங்கும் மும்பைக்கு அந்த வசதி கொச்சியைவிட அதிகம் தேவை. வழுக்கும் படிகளில் முதியவர்களைத் தூக்கி இறக்குவதை இனியும் ஏற்பாடு என்று சொல்ல முடியாது. கேட்வேக்குச் சற்றுத் தெற்கே ரேடியோ கிளப் அருகே புதிய படகு முனையம் கட்டும் வேலை 2025இல் தொடங்கியது. அப்பகுதிவாசிகள் எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். பம்பாய் உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது.

தாராவி, மாட்டுங்காவிலிருந்து போகிறவர்களுக்குச் சயான் அல்லது மாட்டுங்கா நிலையம், செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைன். இரண்டும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கேட்வேக்கு பஸ், டாக்சி இரண்டும் உண்டு. முதல் லாஞ்சு காலை 9 மணி வாக்கில் கிளம்பும். பயணிகள் தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசி லாஞ்சு மாலை ஐந்தரை மணியளவில் திரும்பிவிடும். திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை.